ஈயச் சொம்பு ஏன் அடியில் உருகவில்லை?

அம்மாச்சியின் ஈயச் சொம்பு இப்போது எங்கள் வீட்டில் இருக்கிறது. கும்பகோணத்துக்குப் பக்கத்தில், அரசலாற்றங்கரைக் கிராமத்தில் விறகடுப்பிலும் அப்புறம் கேஸ் அடுப்பிலும் ரசம் கொதித்த சொம்பு. அம்மாவுக்கு வந்து, அம்மாவிடமிருந்து எனக்கு வந்தது. அதன் கழுத்துக்குக் கீழே ஒரு பக்கமாக ஒரு தடம் இருக்கிறது. மெழுகுவத்தி வழிந்து உறைந்தது போல, ஒரு துளி உலோகம் இறங்கி நின்றுவிட்ட தடம். அம்மா சின்னப் பெண்ணாக இருந்தபோது அடுப்பில் தீயை ஏற்றிவிட்டு வாசலுக்குப் போன நாளில் நடந்ததாம். அதிலிருந்து அம்மாச்சி சொல்லிக்கொண்டே இருப்பாராம்: "தீயைக் குறைடி, சொம்பு அழுதுரும்."

சின்ன வயதில் எனக்கு ஒரு கேள்வி இருந்தது. தீ எரிந்தது அடியில். உருகியது மேலே. நேராகத் தீயில் உட்கார்ந்திருந்த அடிப்பகுதிக்கு ஏன் ஒன்றும் ஆகவில்லை?

ஈயச் சொம்பு செய்யப்படும் வெள்ளீயம் 232 டிகிரி செல்சியஸில் உருகிவிடும். செம்பு உருக 1,085 டிகிரி வேண்டும், இரும்புக்கு 1,538. அடுப்புத் தீயோ ஆயிரம் டிகிரியைத் தாராளமாகத் தாண்டும். ஆக, வெறும் சொம்பைத் தீயில் வைத்தால் உருகுவதுதான் நியாயம். அதைக் காப்பாற்றுவது உள்ளே இருக்கும் தண்ணீர். சாதாரண அழுத்தத்தில் தண்ணீர் 100 டிகிரிக்கு மேல் சூடாகாது. அதற்கு மேல் எவ்வளவு வெப்பம் கொடுத்தாலும் அதையெல்லாம் ஆவியாக மாறுவதற்கே செலவழித்துவிடும். அடியில் தீ கொடுக்கும் வெப்பத்தை உலோகம் வாங்கி உடனே தண்ணீரிடம் தள்ளிவிடுகிறது. மிதமான தீ, 2 மில்லிமீட்டர் கனம் என்று வைத்துக் கணக்குப் போட்டால், சொம்பின் அடித்தகட்டுக்கு வெளிப்பக்கமும் உள்பக்கமும் வித்தியாசம் இரண்டு மூன்று டிகிரிதான் வருகிறது. ரசம் கொதிக்கும்போது அடிப்பகுதி 120 டிகிரிக்குள்ளேயே நின்றுவிடும். உருகுவதற்கு இன்னும் 110 டிகிரி பாக்கி.

கழுத்துப் பக்கம் அப்படி இல்லை. தீ பெரிதாக இருந்தால் நாக்கு அடியைத் தாண்டி வெளியே வந்து பக்கவாட்டில் ஏறும். ரசம் நிற்கும் மட்டத்துக்கு மேலே உள்ள சுவரில் உள்பக்கம் தண்ணீர் கிடையாது. அங்கே வாங்கிய வெப்பம் மெல்லிய சுவர் வழியாகக் கீழே இறங்கி ரசத்தை அடைய வேண்டும். அவ்வளவு வேகமாக இறங்க வழியில்லை. சூடு அங்கேயே தேங்கி 232-ஐத் தொட்டதும் உலோகம் வழிகிறது. அம்மாச்சி சொன்ன அழுகை அதுதான்.

இதை வீட்டிலேயே பிள்ளைகளுக்குச் செய்து காட்டலாம், செலவே இல்லை. முடிந்துபோன மாதக் காலண்டரிலிருந்து தடிமனான ஒரு தாளை எடுத்து, விளிம்பு உயரமாக வரும்படி சின்னப் பெட்டியாக மடியுங்கள். மூலைகளில், மேல்பக்கமாக, ஸ்டேப்ளர் பின் அடித்துக்கொள்ளுங்கள். பழைய கம்பியில் தொட்டில் போலத் தொங்கவிட்டு, பாதி அளவு தண்ணீர் ஊற்றி, நடு அடியில் மெழுகுவத்திச் சுடர் படும்படி வையுங்கள். பெரியவர் ஒருவர் கூடவே நிற்க வேண்டும். காகிதம் தீப்பிடிக்கும் சூடும் கிட்டத்தட்ட 230 டிகிரிதான், வெள்ளீயம் உருகும் அதே இடம். ஆனாலும் அடியில் கரி படியுமே தவிர தாள் எரியாது. பொறுமையாக இருந்தால் தண்ணீர் கொதிப்பதையும் பார்க்கலாம். சுடரைத் தண்ணீர் மட்டத்துக்கு மேலே உள்ள விளிம்பில் காட்டினால் உடனே பற்றிக்கொள்ளும். முதல் தடவை இதைப் பார்த்தபோது என் மகள் ஓடிப்போய் சொம்பை எடுத்துவந்து அந்தத் தடத்தைத் தடவிப் பார்த்தாள்.

சரி, தண்ணீர் வற்றிப்போனால் எவ்வளவு நேரம் தாங்கும்? எங்கள் சொம்பின் எடை 606 கிராம். ஒரு கிராம் வெள்ளீயத்தை 100 டிகிரியிலிருந்து 232 வரை சூடாக்க 30 ஜூல் போதும், பிறகு உருக்க இன்னொரு 60 ஜூல். சொம்பு முழுவதும் உருக மொத்தம் சுமார் 55,000 ஜூல். கேட்பதற்குப் பெரிதாகத் தோன்றும். ஆனால் ஒரே ஒரு கிராம் தண்ணீரை ஆவியாக்கவே 2,260 ஜூல் ஆகிறது. ஐந்து டீஸ்பூன் தண்ணீரை ஆவியாக்கும் வெப்பம் இருந்தால் முழுச் சொம்பும் குழம்பாகிவிடும். விநாடிக்கு 600 ஜூல் சொம்புக்குள் இறங்கும் மிதமான தீயில் அது ஒன்றரை நிமிட வேலை. அடி ஓட்டையாவதற்கு அவ்வளவு நேரம்கூட வேண்டாம். வாசலில் பால்காரரிடம் இரண்டு வார்த்தை பேசிவிட்டு வருவதற்குள் முடிந்துவிடும்.

இன்னொன்றும் இதில் இருக்கிறது. பருப்பு மண்டி அடியில் ஒட்டிக்கொண்டால் அது உலோகத்துக்கும் தண்ணீருக்கும் நடுவே போர்வை மாதிரி ஆகிவிடும். வெப்பம் உள்ளே போக முடியாமல் அடி சூடேறும். ஈயச் சொம்பில் யாரும் சாம்பார் வைக்காததற்கு அறிவியல் சொல்லும் காரணம் இது. தெளிவான ரசம் அதற்குப் பொருத்தம்.

புளியும் தக்காளியும் பித்தளை, செம்புப் பாத்திரங்களைத் தின்னும். பச்சைக் களிம்பு ஏறும், ரசம் கறுத்துக் கசக்கும். வெள்ளீயத்தின் மேல் மெல்லிய ஆக்சைடு படலம் தானாகவே படிந்திருப்பதால் புளியின் டார்டாரிக் அமிலம் அதை எளிதில் அரிக்காது. "ஈயம் பூசலையோ ஈயம்" என்று கூவிக்கொண்டு தெருவில் வந்தவர்கள் பித்தளைப் பாத்திரத்தின் உள்ளே பூசியதும் இந்த உலோகத்தைத்தான். பாத்திரத்தைச் சூடாக்கி நவச்சாரத்தைத் தூவினால் வெள்ளைப் புகை குப்பென்று எழும். நவச்சாரம் அம்மோனியாவாகவும் ஹைட்ரஜன் குளோரைடாகவும் பிரிந்து, பித்தளை மேல் இருக்கும் ஆக்சைடு அழுக்கைக் கரைத்துவிடும். சுத்தமான உலோகம் கிடைத்த அந்த நொடியில் உருகிய ஈயத்தைத் துணியால் தேய்ப்பார்கள், கண்ணாடி போலப் பரவும்.

ஆனால் ஈயச் சொம்பு விஷயத்தில் என்னை உண்மையாகவே கவலைப்பட வைப்பது நம் மொழியில் உள்ள ஒரு சொல். வெள்ளீயம், காரீயம் இரண்டையும் நாம் ஈயம் என்றே சொல்கிறோம். இரண்டும் வேறு வேறு தனிமங்கள். வெள்ளீயம் குடலில் மிகக் குறைவாகவே உறிஞ்சப்படும். காரீயம் நஞ்சு. உடம்பில் சேர்ந்துகொண்டே போகும், குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். இவ்வளவு வரை பரவாயில்லை என்று சொல்லக்கூடிய அளவு எதுவும் அறியப்படவில்லை என்கிறது உலக சுகாதார நிறுவனம். போதாக்குறைக்கு, சூடான புளிப்பில் காரீயம் கரையும். கலப்படத்துக்குக் காரணம் விலை. இந்தியாவில் வெள்ளீயத் தாது மிகக் குறைவு, சத்தீஸ்கரின் பஸ்தர் பக்கம் கொஞ்சம் கிடைக்கிறது. மலாய் தீபகற்பம்போல வெள்ளீயம் கொழித்த மண் நமக்கு இல்லை. காரீயத்தைவிட அதன் விலை பத்து மடங்குக்கும் மேல். பழைய பாத்திரங்களில் ஓட்டை அடைத்த பற்றாசிலும் காரீயம் இருக்கலாம்.

பாட்டி வீட்டிலிருந்து வந்த சொம்பு எது என்று எப்படித் தெரிந்துகொள்வது? சமையலறைத் தராசு ஒன்று போதும். வெள்ளீயத்தின் அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு 7.3 கிராம். காரீயம் 11.34. நல்ல வித்தியாசம்.

முதலில் சொம்பை நிறுத்து எடையைக் குறித்துக்கொள்ளுங்கள். அடுத்து, சொம்பு முழுதாக முங்கும் அளவுள்ள பிளாஸ்டிக் டப்பாவில் தண்ணீர் ஊற்றித் தராசின் மேல் வைத்து, தராசைப் பூஜ்யம் ஆக்குங்கள். மொத்தமும் தராசு தாங்கும் எடைக்குள் இருக்க வேண்டும். சொம்பின் கழுத்தில் நூல் கட்டி மெதுவாகத் தண்ணீருக்குள் இறக்குங்கள். சாய்த்து உள்ளேயும் தண்ணீர் நிரப்பிக் காற்றுக் குமிழ் எல்லாம் வெளியேறச் செய்யுங்கள். சொம்பு அடியையோ பக்கத்தையோ தொடக்கூடாது, நூலில் தொங்க வேண்டும். இப்போது தராசு காட்டுவது சொம்பின் எடை இல்லை. உலோகம் ஒதுக்கிய தண்ணீரின் எடை. தண்ணீர் ஒரு கிராமுக்கு ஒரு கன சென்டிமீட்டர் என்பதால் அதுவே உலோகத்தின் கன அளவு. முதல் எண்ணை இரண்டாவதால் வகுத்தால் அடர்த்தி.

எங்கள் சொம்புக்குத் தராசு 83 காட்டியது. 606-ஐ 83-ஆல் வகுத்தால் 7.3. முழுக்கக் காரீயமாக இருந்திருந்தால் 53 காட்டியிருக்கும். பற்றாசு போல நூற்றுக்கு 40 பங்கு காரீயம் கலந்திருந்தால் 71 வாக்கில். மூன்று தடவை செய்தோம், மூன்று தடவையும் 83. அம்மா முகத்தில் வந்த நிம்மதியைச் சொல்லத் தெரியவில்லை.

இதன் எல்லையையும் சொல்லிவிட வேண்டும். ஒரு கிராம் முன்னே பின்னே காட்டும் தராசில், நூற்றுக்கு மூன்று பங்கு காரீயம் இருந்தால் தெரியாமலே போய்விடும். புளி கொதிக்கும் பாத்திரத்துக்கு அதுவும் அதிகம். அடர்த்தி 7.5-க்கு மேல் வந்தால் சொம்பை அலமாரியில் நினைவுப்பொருளாக வைத்துவிடுங்கள், அதில் சமைக்கவே வேண்டாம். சரியாக வந்தாலும், தினமும் ரசம் வைக்க நினைப்பவர்கள் தங்கத்தின் தரம் பார்க்கும் எக்ஸ் கதிர்க் கருவியிலோ ஆய்வகத்திலோ ஒருமுறை காட்டிவிடுவது நல்லது. உலோகத்தைச் சுரண்டாமல், அறுக்காமல் எதில் எவ்வளவு என்று அந்தக் கருவி காட்டிவிடும். நாங்களும் அப்படிக் காட்டிய பிறகுதான் அடுப்பில் ஏற்றினோம்.

ரசம் ஈயச் சொம்பில் தனி ருசி என்பார்கள். வெள்ளீயம் தன் பங்குக்கு வாசனை எதையும் சேர்ப்பதாக எனக்குத் தோன்றவில்லை. உருகிவிடுமோ என்ற பயத்தில் தீயைத் தணித்து, நுரை கட்டியதும் இறக்கிவிடுகிறோம். மிளகு, சீரகம், பெருங்காய வாசனையெல்லாம் ஆவியாகிப் போகும் முன்பே ரசம் அடுப்பை விட்டு வந்துவிடுகிறது. ருசி அங்கிருந்துதான் வருகிறது என்பது என் கணிப்பு.

சொம்போடு அம்மாச்சி வீட்டிலிருந்து வந்த இன்னொரு பொருள் கறுத்துப்போன இரும்புத் தாளிப்புக் கரண்டி. ரொம்ப நாள் அதைத் தனிப் பொருளாக நினைத்திருந்தேன். தண்ணீர் போல 100 டிகிரியில் நிற்கும் குணம் எண்ணெய்க்கும் நெய்க்கும் கிடையாது. கடுகு பொரியும் எண்ணெய் 200 டிகிரியை நெருங்கும், கொஞ்சம் அசந்தால் 232-ஐயும் தாண்டும். சொம்பிலேயே தாளித்தால் அடி போய்விடும். அதனால் நெய்யும் கடுகும் கறிவேப்பிலையும் இரும்புக் கரண்டியில் பொரிந்து, இறக்கி வைத்த ரசத்தில் விழுகின்றன. எங்கள் சமையலறையில் இப்போது இரண்டும் ஒரே ஆணியில் தொங்குகின்றன.