ஸ்கீமா: ஆவணத்துக்கும் யாப்பு உண்டு

நகைக்கடையில் மாதாமாதம் பணம் கட்டுகிறோமே, அந்த ‘ஸ்கீமு’க்கும் கணினித்துறையில் அன்றாடம் அடிபடும் ‘ஸ்கீமா’வுக்கும் தாய் ஒருத்திதான். கிரேக்கத்தில் ‘ஸ்கேமா’ என்றால் உருவம், தோற்றம், நிற்கும் நிலை. ‘பிடித்திரு, வைத்திரு’ என்ற பொருளுள்ள வினையடியில் பிறந்த சொல். லத்தீன் வழியாக ஐரோப்பிய மொழிகளுக்குள் போனபின் ஒரு கிளை ‘திட்டம்’ என்ற பொருளுக்குத் திரும்பி ஸ்கீம் ஆயிற்று. மற்றொன்று கிரேக்க வடிவை விடாமல், ஜெர்மன் தத்துவஞானி கான்ட்டின் சிந்தனையிலும் பிறகு உளவியலிலும் தங்கிவிட்டுத் தரவுத்தளத்துக்கு வந்து சேர்ந்தது. ஸ்கீமாவைத் ‘திட்டம்’ என்று மொழிபெயர்ப்பது தங்கையின் பெயரைச் சொல்லி அக்காளைக் கூப்பிடுவது போல.

கணினியில் இதன் பொருள் கறாரானது. ஓர் ஆவணத்தில் பத்தி, அட்டவணை போன்ற எந்த உறுப்பு எதற்குள் வரலாம், எந்த வரிசையில், எத்தனை முறை என்று சொல்லும் விதித்தொகுதியே ஸ்கீமா. லிப்ரே ஆபீஸ் என்ற இலவச அலுவலகச் செயலி சேமிக்கும் ஓப்பன்டாக்குமென்ட் வடிவத்துக்கு ஒன்று (2006இல் சர்வதேசத் தரநிலை ஐஎஸ்ஓ 26300), வேர்டின் டாக்எக்ஸ் கோப்புக்கு ஒன்று (2008இல் ஐஎஸ்ஓ 29500). முன்னது ரிலாக்ஸ் என்ஜி என்ற மொழியிலும் பின்னது எக்ஸ்எம்எல் ஸ்கீமா மொழியிலும் எழுதப்பட்டவை. இரண்டும் ஆயிரக்கணக்கான வரிகள். எழுதிய மொழியே வேறு என்பதால் வரிக்கு வரி பக்கத்தில் வைத்து ஒப்பிட வழியில்லை. உறுப்புகளைப் பெட்டிகளாக்கி, எதற்குள் எது என்று கிளைவிடும் மரமாகப் படம் போட்டால்தான் பிடிபடும்.

ஒரு பத்தியில் ‘வணக்கம்’ என்ற சொல் மட்டும் தடித்த எழுத்தில் இருக்கிறது என்று கொள்வோம். டாக்எக்ஸ் படத்தில் பத்திக்குக் கீழே ‘ஓட்டம்’ (ரன், ஒரே வடிவமைப்புள்ள எழுத்துத் துண்டு) என்றொரு பெட்டி, அதற்கு இரண்டு கிளைகள்: ஒன்றில் ‘தடிப்பு’ என்ற குறி, மற்றதில் சொல். எல்லாம் ஒரே இடத்தில். ஓப்பன்டாக்குமென்ட் படத்தில் சொல்லைச் சுற்றி ‘ஸ்பான்’ பெட்டி ஒன்றுதான் இருக்கும், தடிப்பைக் காணோம். அதில் எழுதியிருப்பது ஒரு பாணியின் (ஸ்டைல்) பெயர் மட்டுமே. அங்கிருந்து ஒரு புள்ளிக்கோடு மரத்தின் வேறொரு கிளைக்கு ஓடி, அங்கே அந்தப் பாணிக்குள் தடிப்பைத் தொடுகிறது.

இன்னொன்றும் படத்தில்தான் சட்டென்று தெரியும். ஸ்பானுக்குள் ஸ்பான் வரலாம் என்பதால் அந்தப் பெட்டியிலிருந்து கிளம்பும் அம்பு சுற்றி அதற்கே திரும்பி வருகிறது. டாக்எக்ஸில் ஓட்டத்துக்குள் நேரடியாக இன்னோர் ஓட்டம் வர முடியாது, அதனால் இந்த வளையம் அங்கே இல்லை. அடுக்கடுக்கான ஸ்பான்களை டாக்எக்ஸுக்கு மாற்றும்போது தட்டையாக்க வேண்டியிருப்பது இதனால்தான்.

தமிழில் என்ன சொல்லலாம்? ‘கட்டமைப்பு’ என்றால் ஆவணத்தின் அமைப்பா, அமைப்புக்கான விதியா என்ற குழப்பம் வரும். ‘வார்ப்புரு’ ஏற்கெனவே டெம்ப்ளேட்டுக்குப் போய்விட்டது. என் வாக்கு ‘யாப்பு’க்கு. கிரேக்கச் சொல் ‘பிடி’ என்ற வினையில் பிறந்தது போல, இது ‘கட்டு’ என்று பொருள்படும் ‘யா’விலிருந்து வந்தது. எழுத்து அசைக்குள், அசை சீருக்குள், சீர் அடிக்குள் என்ற அடுக்கு நம்மிடம் முன்பே இருக்கிறது. வெண்பாவின் மற்ற அடிகளில் நான்கு சீர், ஈற்றடியில் மூன்று. கடைசிச் சீர் நாள், மலர், காசு, பிறப்பு என்ற நான்கு வாய்பாடுகளில் ஒன்றாகவே முடியவேண்டும். ‘பகவன் முதற்றே உலகு’ என்பதில் ‘உலகு’ பிறப்பு. ஸ்கீமா செய்யும் வேலையும் இதுதானே!

யாப்பு செய்யுளுக்கே உரியது என்று முகம் சுளிப்பவர்கள் உண்டு. ஆனால் இலங்கையில் நாட்டின் சட்ட அடிப்படையையே ‘அரசியல் யாப்பு’ என்று எழுதுகிறார்கள். ‘ஆவண யாப்பு’, ‘தரவுத்தள யாப்பு’ என்பவையும் பழகிவிடும். கூடவே ஒரு லாபமும் உண்டு: விதிக்குப் பொருந்தாத கோப்பைச் சரிபார்ப்பான் திருப்பி அனுப்பும்போது, ‘47ஆம் வரியில் தளை தட்டுகிறது’ என்று சொல்லிவிடலாம்.