பின்னால் இருக்கும் பேட்டரிக்கும் ஃபியூஸ் வேண்டும்

போன வாரம் மறுபடியும் ஒரு ஜீப்பைப் பட்டறைக்குக் கயிறு கட்டி இழுத்து வந்தார்கள். பின் சீட்டுக்கு அடியில் கார்ப்பெட் கருகிக் கிடந்தது. ஆழியாறிலிருந்து வால்பாறை ஏறும்போது புகை வந்திருக்கிறது. ஓட்டியவர் பதறாமல் வண்டியை ஓரங்கட்டி, பானெட்டைத் திறந்து பேட்டரி டெர்மினலைக் கழற்றிவிட்டார். சரியான காரியம்தான். ஆனால் புகை நிற்கவில்லை. இரண்டு பேட்டரியையும் இணைக்கும் ஒயரை எரித்துக்கொண்டிருந்தது, ஃபிரிட்ஜ் ஓட்டப் பின்னால் கூடுதலாக மாட்டியிருந்த இரண்டாவது பேட்டரி. வண்டிக்குள் இரண்டு குழந்தைகள் இருந்தார்கள்.

"முன்னாடி 100 ஆம்பியர் ஃபியூஸ் போட்டிருக்கேண்ணா" என்றார். இதைக் கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது. அந்த ஃபியூஸ் தன் வேலையைச் செய்து உருகியும் இருந்தது. ஒரு குழாயின் இரண்டு முனையிலும் தண்ணீர்த் தொட்டி இருக்கிறது. நடுவில் குழாய் உடைந்தால் ஒரு பக்க வால்வை மட்டும் மூடினால் போதுமா? மறுபக்கத் தொட்டி காலியாகும்வரை தண்ணீர் கொட்டத்தானே செய்யும்? பேட்டரியும் அப்படித்தான். இன்ஜினோடு சுற்றி பேட்டரியைச் சார்ஜ் செய்யும் ஆல்டர்னேட்டரிலிருந்து மட்டும்தான் கரண்ட் வரும் என்று நினைக்காதீர்கள். ஷார்ட் ஆனால் பின் பேட்டரி நூற்றுக்கணக்கான ஆம்பியரைத் திருப்பித் தள்ளும். ஃபியூஸ் இருப்பது ஒயரைக் காப்பாற்ற. ஃபிரிட்ஜைக் காப்பாற்ற அல்ல. அதனால் ஒயரின் கனத்தைப் பார்த்து ஃபியூஸ் போடுங்கள், இரண்டு முனையிலும், ப்ளஸ் டெர்மினலிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள். தகட்டு ஓட்டை வழியாக ஒயர் போகும் ஒவ்வோர் இடத்திலும் ரப்பர் கிராமெட் (ஓட்டை விளிம்பு ஒயரை வெட்டாமல் காக்கும் வளையம்) வேண்டும். இந்த வண்டியில் அது இல்லாமல்தான் ஒயர் உராய்ந்து தோல் கிழிந்தது.

அடுத்து எல்லோரும் கேட்பது, "இன்னொரு ஆல்டர்னேட்டரும் மாட்டிடலாமா?" பெரும்பாலானவர்களுக்குத் தேவையே இல்லை. 40 லிட்டர் ஃபிரிட்ஜ் ஓடும்போது இழுப்பது 3 முதல் 5 ஆம்பியர்தான். பேட்டரி இரண்டானதால் கரண்ட் செலவு இரண்டு மடங்காகாது. இரவில் இறங்கிய சார்ஜை மறுநாள் ஏற்ற வேண்டும், அவ்வளவுதான். ஆம்புலன்ஸ் போல எந்நேரமும் பெரிய லோடு ஓடும் வண்டிக்கு இரண்டாவது ஆல்டர்னேட்டர் நியாயம். அப்போதும் பிராக்கெட்டை உள்ளூரில் வெல்டிங் செய்து ஒப்பேற்றாதீர்கள். புல்லி நேர்கோட்டில் இல்லையென்றால் பெல்ட்டைத் தின்னும். பல இன்ஜின்களில் வாட்டர் பம்பைச் சுற்றுவதும் அதே பெல்ட்தான். அறுந்தால் காட்டுக்குள் இன்ஜின் சூடேறி நின்றுவிடும்.

பிஎஸ்6 வண்டிகள் பலவற்றில் ஆல்டர்னேட்டர் வோல்டேஜைக் கம்ப்யூட்டர் ஏற்றி இறக்கும். இரண்டு பேட்டரியையும் வெறுமனே சேர்த்துப் பிரிக்கும் பழைய ரிலேவை நம்பினால் இரண்டாவது பேட்டரி சரியாக நிரம்பாது, வோல்டேஜைச் சரிசெய்து கரண்டை அளவோடு ஏற்றும் டிசி-டிசி சார்ஜர் போடுங்கள். இரண்டாவது பேட்டரியின் எர்த்தை, அதாவது மைனஸ் ஒயரை, பாடியில் கொடுங்கள். முன் பேட்டரியின் மைனஸ் டெர்மினலில் சார்ஜைக் கணக்கிடும் சென்சார் இருந்தால் அதன் தலையில் கொடுக்காதீர்கள், அது கணக்குத் தப்பும். லித்தியம் பேட்டரிக்கு டிசி-டிசி இல்லாமல் நான் ஒயரே இழுப்பதில்லை. மலையில் மெதுவாக ஏறும்போது அது இழுக்கும் கரண்டில் ஆல்டர்னேட்டர் கருகிவிடும். தண்ணீர் ஊற்றும் சாதா ஆசிட் பேட்டரியைக் கேபினுக்குள் வைக்கவே வைக்காதீர்கள். சார்ஜ் ஆகும்போது வரும் ஹைட்ரஜன் ஒரு சின்னப் பொறியில் வெடிக்கும். உள்ளேதான் இடம் என்றால் மூடி அடைத்த ஏஜிஎம் வகை பேட்டரி வாங்குங்கள்.

ஏற்கெனவே மாட்டியவர்களிடம் கெஞ்சிக் கேட்கிறேன். இன்று மாலை பின் சீட்டைத் தூக்கிப் பாருங்கள். அந்த பேட்டரிக்குப் பக்கத்தில் ஃபியூஸ் இல்லையென்றால், இரண்டு பேட்டரியையும் இணைக்கும் ப்ளஸ் ஒயரை இரண்டு முனையிலும் கழற்றி, ஒயர் நுனியில் இருக்கும் உலோக லக்கில் நன்றாக டேப் சுற்றி வையுங்கள். அப்புறம் வண்டியை எடுங்கள்.