லேபிள் ஏன் கோணுகிறது?

ஸ்டிக்கர் பொட்டை அட்டையிலிருந்து நகத்தால் நோண்டி எடுத்தால் ஓரம் மடங்கிவிடும். பழகிய கை அட்டையைத்தான் பின்பக்கமாக வளைக்கும். அட்டை வளையும், பொட்டு அதனோடு சேர்ந்து வளைய முடியாமல் ஓரத்தைத் தூக்கிக்கொண்டு நிற்கும். பிறகு விரல் நுனி பட்டாலே போதும். எண்ணெய், தண்ணீர், ஊறுகாய் என எந்தப் பாட்டிலுக்கும் ஸ்டிக்கர் லேபிள் ஒட்டுகிற மெஷின் இந்த ஒரு சூட்சுமத்தை நம்பித்தான் ஓடுகிறது.

லேபிள்கள் சிலிக்கோன் பூசிய வழுவழுப்பான தாளின் மேல் வரிசையாக ஒட்டப்பட்டு, ரோலாகச் சுற்றி வருகின்றன. அந்தத் தாளை லைனர் என்பார்கள். லைனர் ஒரு தகட்டின் கூர்மையான ஓரம் வரை வந்து, சட்டென்று மடங்கிப் பின்னால் போய்விடும். லேபிள் அவ்வளவு சின்ன வளைவில் மடங்காது, நேராக முன்னே நீளும். அதே நொடியில் கன்வேயரில் பாட்டில் வந்து அதைத் தொட்டு வாங்கிக்கொண்டு போக வேண்டும். இதற்காக மெஷினுக்கு இரண்டு கண்கள். ஒன்று, பாட்டில் வருகிறதா என்று பார்க்கும் சென்சார். இன்னொன்று, ஒரு லேபிளுக்கும் அடுத்ததற்கும் இடையில் விடப்படும் இடைவெளியைப் பார்ப்பது. பெரும்பாலும் 3 மில்லிமீட்டர்தான் அந்த இடைவெளி. முதல் கண் சொன்னதும் மோட்டார் சுற்றும். இரண்டாவது கண் சொன்னதும் நிற்கும். உருண்டைப் பாட்டிலாக இருந்தால், பிறகு ஒரு பெல்ட்டுக்கும் ஸ்பாஞ்ச் வைத்த பலகைக்கும் நடுவே அது உருண்டு போகும். லேபிள் முழுதாகச் சுற்றிக்கொள்ளும்.

இந்த வகை லேபிளுக்கு வயது ஏறக்குறைய தொண்ணூறு. 1935இல் லாஸ் ஏஞ்சலஸில் ஸ்டான் ஏவரி என்பவர் வருங்கால மனைவியிடம் 100 டாலர் கடன் வாங்கி, பழைய வாஷிங் மெஷின் மோட்டாரையும் தையல் மெஷின் பாகங்களையும் சேர்த்து அதற்கான முதல் மெஷினைக் கட்டினார்.

மெஷின் எளியது. ஆனால் அது கெட்டுப்போனால் ஒரு ஆலையே நிற்கும். இந்தியாவில் 2011ஆம் ஆண்டின் எடையளவுப் பொதி விதிகளின்படி, விலையும் நிகர அளவும் தயாரிப்பாளர் முகவரியும் அச்சிடாத பாட்டிலை விற்க முடியாது. அதனால் லேபிள் கோணத் தொடங்கியதும் எல்லோருக்கும் கை பரபரக்கும். திரையில் ஒரு எண்ணைக் கூட்டுவார்கள், ஒரு திருகைத் தளர்த்துவார்கள். ஐந்தே நிமிடத்தில் ஒரு கோளாறு இருந்த இடத்தில் மூன்று இருக்கும். நானும் அப்படிச் செய்தவன்தான். காங்கேயம் பக்கத்தில் ஒரு எண்ணெய் ஆலையில் வேலைக்குச் சேர்ந்த புதிதில், அங்கிருந்த மூத்த ஃபிட்டர் என்னைத் தடுத்துச் சொன்னது: "கைய எடுங்க தம்பி. மொதல்ல முப்பது பாட்டில ஓட்டி, வந்த வரிசையிலயே நிறுத்துங்க."

முப்பது பாட்டிலை மேஜையில் வரிசையாக நிறுத்திப் பார்த்தால், தவறு எந்த ஒழுங்கில் வருகிறது என்பது கண்ணுக்குத் தெரியும். அந்த ஒழுங்குதான் கோளாறு இருக்கும் இடத்தைக் காட்டிக்கொடுக்கிறது.

எல்லாப் பாட்டிலிலும் லேபிள் ஒரே அளவு தள்ளி விழுந்திருந்தால் கவலையே வேண்டாம். ஏதோ ஒரு சென்சார் அல்லது தாங்கி இடம் மாறியிருக்கிறது. பழைய இடத்துக்குத் தள்ளினால் முடிந்தது.

ஒவ்வொரு ஆறாவது லேபிளும் கிழிந்தோ தவறியோ வந்தால் ரோலைத்தான் சந்தேகிக்க வேண்டும். அச்சகத்தில் லேபிளை வெட்டும் உருளை ஒரு சுற்றுக்கு ஆறு லேபிள் வெட்டுவதாக இருக்கும். அதில் ஒரு வெட்டு மட்டும் ஆழமாக இறங்கி லைனரையும் கீறியிருக்கும். இழுக்கும்போது அங்கேதான் அறும். மெஷினில் எதுவும் ஆறு ஆறாக எண்ணுவதில்லை. தவறு லேபிள் எண்ணிக்கையோடு பொருந்தாமல், லைனரின் நீளத்தோடு பொருந்தினால் கதை வேறு. 50 மில்லிமீட்டர் விட்டமுள்ள உருளை ஒரு சுற்றில் 157 மில்லிமீட்டர் லைனரை இழுக்கும். அந்த நீளத்துக்கு ஒருமுறை தவறு திரும்பி வந்தால், அந்த உருளையில் ஒரு லேபிளோ பசையோ ஒட்டிக்கொண்டிருக்கிறது என்று பொருள்.

ரோல் புதிதாக இருக்கும்போது ஒழுங்காக ஓடி, தீரப்போகும் நேரத்தில் மட்டும் லேபிள் இழுபட்டுச் சுருக்கம் விழுகிறதா? இழுவையைப் பாருங்கள். ரோல் தானாக அவிழ்ந்து தொங்காதபடி ஒரு பிரேக் அதைப் பிடித்திருக்கிறது. பிரேக்கின் பிடி மாறுவதில்லை. ரோலின் ஆரம்தான் குறைந்துகொண்டே போகிறது. முழு ரோல் 300 மில்லிமீட்டர் விட்டம், நடுவில் உள்ள அட்டைக் குழல் 76 மில்லிமீட்டர். கடைசிச் சுற்றை அவிழ்க்கத் தொடக்கத்தைவிட ஏறக்குறைய நான்கு மடங்கு விசை வேண்டும். இழுக்கும் உருளை வழுக்குகிறது, லேபிள் மெதுவாக வெளியே வருகிறது, பாட்டிலோ அதே வேகத்தில் பிடுங்கிக்கொண்டு போகிறது. லைனர் சுற்றிப் போகும் ஒரு ஆடும் கையில் ஸ்பிரிங் பொருத்தி, இழுவைக்கு ஏற்பப் பிரேக்கைத் தளர்த்தும் அமைப்பு இருந்தால் இந்தத் தொல்லை இல்லை. இருந்தும் வந்தால், அந்த அமைப்பு ஒழுங்காக வேலை செய்கிறதா என்று முதலில் பார்க்கலாம்.

எனக்கு மிகவும் பிடித்தது, பாட்டிலை முழுதாகச் சுற்றும் லேபிளின் இரண்டு முனைகளும் சந்திக்காமல் போகும் கோளாறு. காரணம் இரண்டு. இரண்டையும் பிரித்தறிய அழகான வழி ஒன்று உண்டு.

முதல் காரணம் சாய்வு. 65 மில்லிமீட்டர் விட்டமுள்ள பாட்டிலின் சுற்றளவு 204 மில்லிமீட்டர். பாட்டில் லேபிளுக்கு நேராக இல்லாமல் ஒரே ஒரு டிகிரி சாய்ந்திருந்தால்கூட, சுற்றி முடிக்கும்போது முனை மூன்றரை மில்லிமீட்டர் ஏறியோ இறங்கியோ நிற்கும்.

இரண்டாவது காரணம் பாட்டிலின் வடிவம். வீட்டில் வாய் அகன்ற டம்ளர் ஒன்றை எடுத்து, நேரான காகிதப் பட்டை ஒன்றை இழுத்துப் பிடித்துச் சுற்றிப் பாருங்கள். எவ்வளவு நேராகத் தொடங்கினாலும் பட்டை டம்ளரின் வாயை நோக்கி ஏறிவிடும். கூம்பின் மேல் நேர்க்கோடு அப்படித்தான் போகும். வார்க்கும் அச்சிலிருந்து சரியாக வராத பிளாஸ்டிக் பாட்டிலும் ஒரு கூம்புதான். 100 மில்லிமீட்டர் உயரத்தில் விட்டம் ஒரே ஒரு மில்லிமீட்டர் வேறுபட்டாலும், மேலே சொன்ன அளவுப் பாட்டிலில் முனைகள் 3 மில்லிமீட்டருக்கு மேல் விலகும். ஒரு மில்லிமீட்டர் வேறுபாடு கண்ணுக்குத் தெரியாது. வெர்னியர் வைத்து மேலும் கீழும் அளந்தால்தான் பிடிபடும்.

எது காரணம் என்று அறிய, முனைகள் ஒன்றன்மேல் ஒன்று விழும் இடத்தைப் பாருங்கள். இரண்டு விளிம்புகளும் இணைகோடுகளாக இருந்து, மேலும் கீழுமாக மட்டும் விலகியிருந்தால் சாய்வு. கத்தரிக்கோல் போல விரிந்திருந்தால் கூம்பு. சாய்வுக்கு ரசமட்டம் போதும்; கன்வேயரையும், லேபிளை வெளியே தரும் பகுதியான லேபிள் தலையையும் மட்டம் பார்த்துச் சரிசெய்துவிடலாம். கூம்புக்கு, பாட்டில் கொடுத்தவரிடம் பேசுவதுதான் முறையான வழி. வேறு வழியே இல்லாதபோது லேபிள் தலையைச் சிறிதளவு வேண்டுமென்றே சாய்க்கலாம். அப்போது முனைகள் சந்திக்கும். விலகல் லேபிளின் நடுவில் ஒரு மெல்லிய வளைவாக மாறி, முன்பிருந்ததில் கால்பங்காகக் குறையும். முக்கால் மில்லிமீட்டர் வளைவைக் கடையில் யாரும் கவனிக்க மாட்டார்கள்.

ஒட்டும்போது சரியாக இருந்து, மறுநாள் காலையில் ஓரம் தூக்கி நிற்கும் லேபிளுக்காக மெஷினைத் தொடவே கூடாது. சுத்தமாகத் துடைத்த பாட்டிலில் கையால் ஒன்றை ஒட்டி வையுங்கள். அதுவும் எழும்பினால் லேபிளின் பசையையோ விறைப்பையோ பார்க்க வேண்டும். அது ஒழுங்காக இருந்தால் பாட்டிலின் மேல் ஏதோ படிந்திருக்கிறது. இந்தப் பசை கெட்டியும் இல்லை, திரவமும் இல்லை. அழுத்தினால் மிக மெதுவாகப் பாய்ந்து, பாட்டிலின் கண்ணுக்குத் தெரியாத மேடுபள்ளங்களில் இறங்கி, அங்கே பிடித்துக்கொள்ளும். நடுவில் ஒரு துளி எண்ணெயோ ஈரப் படலமோ இருந்தால் அது இறங்கவே முடியாது. பன்னீர் சோடா ஆலைகளுக்கு இது தீராத தலைவலி. குளிர்ந்த நீரில்தான் வாயு நன்றாகக் கரையும் என்பதால் சோடாவைக் குளிர்வித்தே நிரப்புகிறார்கள். 30 டிகிரி வெப்பமும் 80 சதவீத ஈரப்பதமும் உள்ள காற்றில், 26 டிகிரிக்குக் கீழே உள்ள எந்தப் பொருளும் வியர்க்கும். அங்கே நிரப்புவதற்கு முன்பே லேபிள் ஒட்டிவிடுவது நல்லது. இல்லாவிட்டால் பாட்டிலை வெதுவெதுப்பாக்கி, காற்றடித்து உலர்த்த வேண்டும்.

எந்த ஒழுங்கும் தெரியாமல் தவறு வந்தால்தான் கஷ்டம். அப்போது லேபிளை விட்டுவிட்டுக் கடிகாரத்தைப் பார்க்க வேண்டியிருக்கும். எங்கள் ஆலையில் ஒரு பங்குனி மாதம் முழுக்கச் சில பாட்டில்கள் லேபிளே இல்லாமல் வந்துகொண்டிருந்தன. சென்சாரைத் துடைத்தோம், ஒயரை மாற்றினோம், பிறகு புது சென்சாரே வாங்கிப் போட்டோம். நோட்டில் நேரத்தைக் குறிக்கத் தொடங்கிய நான்காம் நாள்தான் புரிந்தது: எல்லாமே மாலை நாலரையிலிருந்து ஐந்தேகாலுக்குள். மேகம் மூடிய நாளில் ஒன்றுகூட இல்லை. இந்த சென்சார்கள் தங்கள் ஒளியை விட்டுவிட்டுத் துடிக்கவைத்து, மற்ற வெளிச்சத்திலிருந்து பிரித்துப் பார்ப்பவை. குழல் விளக்குக்கெல்லாம் ஏமாறாது. ஆனால் மேற்கு ஜன்னல் வழியாக வெயில் நேரே கண்ணுக்குள் இறங்கினால், அந்தத் துடிப்பு வெள்ளத்தில் மூழ்கிவிடும், எதிரே பாட்டில் வந்தது தெரியாது.

அன்றைக்கே ஒரு அட்டைப் பெட்டியைக் கிழித்து ஜன்னலில் செருகினோம். ஞாயிற்றுக்கிழமை லைன் நின்றதும் சென்சாரைக் கழற்றி, ஜன்னலுக்கு முதுகு காட்டும்படி எதிர்ப்பக்கத்தில் பொருத்தினோம்.