லிமிட்: எல்லையா, வரம்பா?

மதுரைப் பக்கம் ஒரு பொறியியல் கல்லூரியில், தமிழ்வழியில் படித்துவிட்டு வந்த முதலாண்டுப் பிள்ளைகளுக்கு இரண்டு நாள் நுண்கணிதப் பட்டறை. உதவிக்குப் போயிருந்தேன். கையில் கொடுத்த தாளில் லிமிட்டுக்கு, அதாவது ஓர் எண்வரிசையோ சார்போ போகப் போக நெருங்கிச் செல்லும் மதிப்புக்கு, 'வரம்பு' என்று போட்டிருந்தது. இதே சொல்லை இப்படிப் பார்ப்பது எனக்கு எத்தனையாவது தடவையோ. இனி எழுதாமல் இருக்க முடியாது.

லத்தீனில் 'லீமெஸ்' என்றால் இரண்டு வயலுக்கு நடுவே போகும் பாதை, நம்ம ஊர் வரப்பு. 1786இல் லுய்லியே என்ற கணித அறிஞர் அதை 'லிம்' என்று சுருக்கிக் கணிதத்தில் எழுதினார். 19ஆம் நூற்றாண்டில் கோஷி, வயர்ஸ்ட்ராஸ் என்ற கணித அறிஞர்கள் பொருளை இறுக்கிக் கட்டினார்கள். பிறப்புக் கதை இவ்வளவுதான்.

"வேரே வரப்பு என்கிறீர்கள், அப்புறம் வரம்பு எப்படித் தப்பாகும்?" என்றார் தாளைத் தயாரித்த நண்பர். நல்ல கேள்விதான். ஆனால் வரம்பு என்ற சொல்லுக்குக் கணிதத்தில் ஏற்கெனவே வேறு வேலை இருக்கிறது. 1/2, 2/3, 3/4 என்று போகும் தொடர்முறையை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் எந்த எண்ணும் 1ஐத் தாண்டாது, அதனால் 1 அதற்கு மேல்வரம்பு. 5ம் மேல்வரம்பு, 100ம் மேல்வரம்பு. எல்லை மட்டும் 1தான், வேறு கிடையாது. 1, −1, 1, −1 என்று மாறி மாறி வருவதற்கு இரண்டு பக்கமும் வரம்பு உண்டு, எல்லையே இல்லை. இரண்டையும் ஒரே சொல்லால் சொன்னால் 'வரம்புடைய தொடர்முறைக்கு வரம்பு இல்லை' என்று எழுத வேண்டி வரும். படிக்கிற பிள்ளை என்ன செய்யும்?

என்ன செய்யும் என்பதையும் அன்றைக்கே பார்த்தேன். மேலூர்ப் பக்கத்துப் பையன் ஒருவன், சைன் எக்ஸை எக்ஸால் வகுத்து வரும் சார்புக்குப் படம் போட்டான். எக்ஸ் பெரிதாகப் பெரிதாகக் கோடு பூச்சியத்தை மேலும் கீழுமாக வெட்டிக்கொண்டே அதை நெருங்க வேண்டும். இவன் கோட்டை அச்சுக்கு மேலேயே நிறுத்திவிட்டான். "ஏம்ப்பா?" என்றேன். "வரம்பு மீறக் கூடாதுல்ல சார்" என்றான். அவனைச் சொல்லிக் குற்றமில்லை.

எல்லையையும்தான் மீறுவார்கள் என்று நீங்கள் கேட்கலாம். சரி, ஒப்புக்கொள்கிறேன், அதுவும் அப்பழுக்கற்ற சொல் இல்லை. ஆனாலும் ஊர் எல்லைக்குப் போவது, எல்லையைத் தாண்டிவிட்டுத் திரும்பி வருவது எல்லாம் நம் பேச்சில் இயல்பு. 11ஆம் வகுப்புப் பாடநூலிலும் 'எல்லைகள்' என்றுதான் இருக்கிறது. அதைப் படித்துத் தேறி வந்த பிள்ளைக்குக் கல்லூரி வாசலில் எதற்குப் புதுப்பெயர்? பாடநூலைப் புரட்டாமல் கணினி மொழிபெயர்த்துத் துப்பியதை அப்படியே அச்சடித்தால் இப்படித்தான் ஆகும்.

தாளின் மறுபக்கம் இன்னும் மோசம். ஒரு சார்பு மாறும் வேகத்தைச் சொல்லும் டெரிவேட்டிவுக்கு, வகைக்கெழு என்று இருக்க வேண்டிய இடத்தில் 'வழித்தோன்றல்' என்று இருந்தது. பாண்டியனுக்கு வழித்தோன்றல் இருக்கலாம், எக்ஸ் ஸ்கொயருக்கு ஏது?