மலை ஓட்டத்தில் மூடுபனி: முதலில் ஜாக்கெட், பிறகு வரைபடம்

மலை ஓட்டப் பந்தயத்தில் வழி தவறி, நடுங்கிக்கொண்டே மருத்துவக் கூடாரத்துக்கு வருகிறவர்களிடம் நான் வழக்கமாக ஒரு கேள்வி கேட்பேன்: "எங்கே இருக்கிறோம் என்று கடைசியாக உங்களுக்கு உறுதியாகத் தெரிந்த இடம் எது?" பெரும்பாலோர் மூடுபனி அடர்ந்த இடத்தைச் சொல்வார்கள். கொஞ்சம் சூடேறி, சர்க்கரை தூக்கலான தேநீர் உள்ளே போனபின் வரைபடத்தை விரித்து, விரல் வைத்துக் காட்டச் சொன்னால் கதை மாறும். பனி சூழ்வதற்கு வெகு முன்பே வரைபடம் பைக்குள் போயிருக்கும். அதன்பின் முன்னால் ஓடியவரின் முதுகுதான் அவர்களுக்கு வழிகாட்டி. பனி வந்ததும் அந்த முதுகு மறைந்துவிட்டது, அவ்வளவுதான்.

நான் அவசர சிகிச்சை மருத்துவர். வட இங்கிலாந்தின் லேக் டிஸ்ட்ரிக்ட் மலைகளில் நடக்கும், 'ஃபெல் ரேஸ்' எனப்படும் மலை ஓட்டப் பந்தயங்களில், விடுமுறை நாட்களில் மருத்துவ உதவிக்கு நிற்கிறேன். வேலைக்காக இந்நாட்டுக்கு வந்து, ஓட்டக் குழுக்களில் சேர்ந்து, ஒரு மாரத்தான் முடித்த தெம்பில் மலைப் பந்தயத்துக்கும் பெயர் கொடுக்கும் தமிழ்ப் பிள்ளைகளை இப்போது அங்கங்கே பார்க்கிறேன். இதை முக்கியமாக அவர்களுக்காக எழுதுகிறேன்.

சாலை மாரத்தானில் அம்புக்குறி இருக்கும், தடுப்பு இருக்கும், வழியெங்கும் கைதட்ட ஆள் இருக்கும். ஃபெல் ரேஸில் பெரும்பாலும் நீங்கள் கட்டாயம் தொட்டுப் போகவேண்டிய செக்பாயிண்ட்கள் மட்டுமே. இரண்டு செக்பாயிண்ட்களுக்கு நடுவே எப்படிப் போவது என்பது உங்கள் பாடு. 1970இல் தொடங்கிய ஃபெல் ரன்னர்ஸ் அசோசியேஷன் பந்தயங்களைத் தரம் பிரிக்கிறது. 'ஏ' வகை என்றால் கிலோமீட்டருக்குச் சராசரியாகக் குறைந்தது 50 மீட்டர் ஏற்றம். 'எல்' சேர்ந்தால் 20 கிலோமீட்டரோ அதற்கு மேலோ. ஆகஸ்ட் மாதம் நடக்கும் பாரோடேல் பந்தயம் அப்படிப்பட்டது. சுமார் 27 கிலோமீட்டர், 2,000 மீட்டர் ஏற்றம். இங்கிலாந்தின் மிக உயர்ந்த சிகரமான ஸ்காஃபெல் பைக் (978 மீட்டர்), பிறகு கிரேட் கேபிள் (899 மீட்டர்) என்று ஏறி இறங்க வேண்டும்.

ஆகஸ்ட் என்றால் கோடைதானே என்று நினைக்கலாம். பந்தயம் போகும் பள்ளத்தாக்கிலேயே இருக்கும் சீத்வெயிட் என்ற குக்கிராமத்தில் ஆண்டுக்குச் சுமார் 3,500 மி.மீ. மழை பெய்கிறது, இங்கிலாந்தில் மக்கள் வசிக்கும் இடங்களில் அதிக மழை அங்கேதான். அட்லாண்டிக்கிலிருந்து வரும் ஈரக்காற்று இந்த மலைகளில் மோதி மேலெழும்பி அங்கேயே மேகமாகிறது. நாம் மூடுபனி என்று சொல்வது பெரும்பாலும் சிகரத்தின் மேல் உட்கார்ந்திருக்கும் மேகம்தான். தொடங்கும் இடத்தில் வெயில் அடித்துக்கொண்டிருக்கும்போதே 600 மீட்டருக்கு மேல் எதிரே நிற்பவர் முகம் தெரியாது. ஆயிரம் மீட்டர் ஏறினால் ஏறக்குறைய ஆறேழு டிகிரி வெப்பம் குறையும், காற்றும் வலுக்கும்.

கண்ணுக்கு அடையாளம் எதுவும் இல்லாதபோது மனிதனால் நேராக நடக்க முடிவதில்லை. ஜெர்மனியின் மாக்ஸ் பிளாங்க் ஆய்வாளர்கள் 2009இல் இதைச் சோதித்து வெளியிட்டார்கள். காட்டிலும் பாலைவனத்திலும் ஆட்களை நேராக நடக்கச் சொன்னார்கள். சூரியனோ நிலவோ தெரிந்தவரை ஓரளவு நேராகப் போனார்கள். மறைந்ததும் தங்களுக்கே தெரியாமல் வட்டமடித்தார்கள். கண்ணைக் கட்டிவிட்டபோது வட்டத்தின் விட்டம் சில சமயம் 20 மீட்டர்தான். "எனக்கு இயல்பாகவே திசை தெரியும்" என்கிற ஆள் உங்கள் குழுவிலும் ஒருவர் இருப்பார். அவரிடம் இதைச் சொல்லுங்கள்.

லேக் டிஸ்ட்ரிக்டின் அமைப்பு இந்த ஆபத்தைப் பெரிதாக்குகிறது. நடுவில் உள்ள உயர்ந்த மலைகளிலிருந்து பள்ளத்தாக்குகள் வண்டிச் சக்கரத்தின் ஆரக்கால்களைப் போல நாலாபக்கமும் பிரிகின்றன. உச்சியில் திசை கொஞ்சம் பிசகினாலும் இறங்கி நிற்பது வேறொரு பள்ளத்தாக்கில். ஸ்காஃபெல் பைக்கின் தலை முழுக்கப் பாறைக் கற்கள். கால்தடம் பதியாது. அடையாளக் கற்குவியல்கள் இருக்கின்றன, ஆனால் எல்லாப் பக்கமும் இருக்கின்றன! வடமேற்கே இறங்கினால் லிங்மெல் கோல் என்ற கணவாய், அங்கிருந்து காரிடார் ரூட் பாதை ஸ்டைஹெட் கணவாய்க்குப் போகும். வடகிழக்கே போனால் எஸ்க் ஹாஸ், அதாவது வந்த வழியே திரும்புகிறீர்கள். தென்கிழக்குச் சரிவில் இறங்கியவர் எஸ்க்டேல் பள்ளத்தாக்கில் நிற்பார். அங்கிருந்து பந்தயம் தொடங்கிய பாரோடேல் பள்ளத்தாக்குக்குக் காரில் வரவே ஒரு மணி நேரத்துக்கு மேலாகும். பந்தய எண்ணைக் குத்திக்கொண்டு, கையில் காசில்லாமல், ஈர உடையோடு எஸ்க்டேலில் நிற்பது வேடிக்கைக் கதை போலத் தோன்றலாம். ஆனால் அதுவே நல்ல முடிவுதான்.

கெட்ட முடிவு பியர்ஸ் கில். காரிடார் ரூட்டுக்குக் கீழே, லிங்மெல் மலை ஓரமாகப் பிளந்து கிடக்கும் ஆழமான மலையிடுக்கு அது. ஓடையைப் பிடித்துக்கொண்டே இறங்கினால் ஊர் வந்துவிடும் என்று ஒரு நம்பிக்கை எல்லோருக்கும் உண்டு. இந்த மலைகளில் அதை நம்பாதீர்கள். ஓடை அருவியாக விழும் இடம்வரை உங்களைக் கூட்டிப்போய் விட்டுவிடும். பிறகு ஏறவும் முடியாது, இறங்கவும் முடியாது. வாஸ்டேல் மலை மீட்புக் குழுவினர் அங்கே சிக்கியவர்களைத் திரும்பத் திரும்ப மீட்டிருக்கிறார்கள்.

முன்னால் ஓடுபவரைப் பின்பற்றுவது ஏன் ஆபத்து என்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. உள்ளூர் ஓட்டக்காரர்களில் பலருக்கு வரைபடம் தேவைப்படாது. வாஸ்டேலில் ஆட்டுப்பண்ணை நடத்திய ஜாஸ் நெய்லர் (1936–2024) 1975இல் 24 மணி நேரத்துக்குள் 72 சிகரங்களைத் தொட்டவர். அப்படிப்பட்டவர்களுக்குப் பாறை தெரியும், புல்லின் நிறம் தெரியும். ஆனால் உங்களுக்கு முன்னால் மங்கலாகத் தெரியும் முதுகு அப்படிப்பட்டவருடையதா, உங்களைப் போலவே இன்னொரு முதுகைத் தொலைத்துவிட்டவருடையதா என்று பனியில் எப்படிக் கண்டுபிடிப்பது? பந்தயத்தில் இல்லாத, சும்மா மலை பார்க்க வந்தவரைத் துரத்திக்கொண்டு போனவர்களும் உண்டு.

ஆகவே பந்தயத்துக்கு முந்தைய நாள் இரவே ஒரு வேலை இருக்கிறது. ஒவ்வொரு செக்பாயிண்டிலிருந்தும் வெளியேற வேண்டிய திசையை டிகிரியில் எடுத்து, வரைபடத்திலேயே பேனாவால் எழுதிவிடுங்கள். மூச்சு வாங்கும்போது, விரல் விறைத்திருக்கும்போது கோணம் அளக்க வேண்டியிருக்காது. அதோடு ஒவ்வொரு கட்டத்துக்கும் 'இது வந்தால் தாண்டிவிட்டேன்' என்று சொல்லும் ஓர் அடையாளத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். ஒரு சுவர், ஒரு குளம், சரிவு சட்டென்று செங்குத்தாகும் இடம், ஏதோ ஒன்று.

மேலே, காம்பஸ் காட்டும் திசையில் கண்ணுக்கு எட்டும் எல்லையில், இருபது முப்பது மீட்டரில், ஒரு கல்லைக் குறிவைத்துக்கொள்ளுங்கள். அதுவரை ஓடுங்கள். அங்கே நின்று அடுத்த கல். இது மெதுவான வேலைதான். ஆனால் ஒரு டிகிரி பிசகினால் 60 மீட்டருக்கு ஒரு மீட்டர் விலகுவீர்கள். பத்து டிகிரி பிசகி 600 மீட்டர் ஓடினால் ஏறக்குறைய நூறு மீட்டர் தள்ளி நிற்பீர்கள். சரிவின் குறுக்கே ஓடும்போது கால் தானாகவே கீழ்ப்பக்கம் இழுக்கும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கடைசியாக, சரிவு எந்தத் திசையைப் பார்த்து இறங்குகிறது என்று காம்பஸில் பார்த்து வரைபடத்தோடு ஒப்பிடுங்கள். களைத்துப்போனவர்கள் முள்ளின் தலைகீழ் முனையைப் பிடித்துக்கொண்டு நேர் எதிர்த்திசையில் ஓடுவது நீங்கள் நினைப்பதைவிட அதிகம். அதைக் காட்டிக்கொடுப்பது இந்த ஒப்பீடுதான்.

காம்பஸைச் செல்போனோடு ஒரே பையில் வைக்காதீர்கள். போனுக்குள் இருக்கும் காந்தம் முள்ளின் துருவத்தையே மாற்றிவிடக்கூடும். சிவப்பு முனை தெற்கைக் காட்டும். ஜிபிஎஸ் இருக்கிறதே என்பவர்களுக்கு: வழி பார்க்க அதைப் பயன்படுத்தப் பல பந்தயங்களில் அனுமதி கிடையாது. பந்தயம் இல்லாத நாட்களில் தாராளமாகப் பயன்படுத்துங்கள். ஆனால் ஈர விரலுக்குத் தொடுதிரை கீழ்ப்படியாது, குளிரில் பேட்டரி சீக்கிரம் இறங்கும்.

இனி என் தொழில் சம்பந்தப்பட்ட பகுதி. ஓடும் உடல் ஏராளமான வெப்பத்தை உண்டாக்குகிறது. அதனால்தான் பனியனும் டிரவுசருமாக எட்டு டிகிரியில் ஓட முடிகிறது. வழி தெரியாமல் நின்றீர்களா, அந்த உற்பத்தி அப்போதே சரிகிறது. வியர்வையிலும் பனியிலும் நனைந்த துணியைக் காற்று அடிக்கிறது. சில நிமிடங்களில் நடுக்கம். முதலில் விரல்கள் ஒத்துழைக்காது. ஜிப் போட முடியாது, வரைபடத்தை மடிக்க முடியாது. அடுத்து மூளை. உடலின் உள் வெப்பம் 35 டிகிரிக்குக் கீழே போனால் ஹைப்போதெர்மியா என்கிறோம். ஆனால் அந்த எல்லைக்கு வருவதற்குள்ளேயே யோசனை மந்தமாகி, பிடிவாதம் கூடிவிடும். தவறான திசையை உறுதியாகப் பிடித்துக்கொள்பவர் பல நேரம் குளிர்ந்துபோனவர்.

அதனால் எங்கே இருக்கிறோம் என்ற சந்தேகம் தட்டிய உடனே முதலில் மழை ஜாக்கெட், தொப்பி, கையுறை. வாயில் ஏதாவது இனிப்பு. அதற்குப் பிறகுதான் வரைபடம். இந்த வரிசையை மாற்றாதீர்கள். ஜாக்கெட் போடும் நேரத்தில் பத்துப் பேர் முந்திவிடுவார்களே என்று கவலைப்படுபவரிடம் நான் வாதிடுவதில்லை. அந்தப் பத்துப் பேர் போகும் திசை சரியா என்று மட்டும் கேட்பேன். பந்தயத்தில் கட்டாயமாக எடுத்துவரச் சொல்லும் முழு மழையுடை, தொப்பி, கையுறை, வரைபடம், காம்பஸ், விசில், உணவு ஆகியவற்றைச் சோதனைக்காக மட்டும் சுமப்பவர்கள் பலர். உடைந்த விசிலையும் உறை பிரிக்காத காம்பஸையும் பார்த்திருக்கிறேன்.

உடன் ஓடுபவருக்குப் பேச்சு குழறினால், கால் தடுமாறினால், காரணமில்லாமல் எரிந்து விழுந்தால் பந்தயத்தை அங்கேயே மறந்துவிடுங்கள். காற்றுப் படாத இடத்துக்கு நகர்த்துங்கள், இருக்கும் உடையெல்லாம் போர்த்துங்கள், விழுங்க முடிந்தால் இனிப்புக் கொடுங்கள். கையைக் காலைத் தேய்க்க வேண்டாம், மது கூடவே கூடாது. நடுக்கம் நின்றும் ஆள் தெளியவில்லை என்றால் "பரவாயில்லை, சரியாகிவிட்டது" என்று நினைக்காதீர்கள், நிலைமை மோசமாகியிருக்கிறது. 999ஐ அழைத்து முதலில் போலீசையும், பிறகு மலை மீட்பையும் கேளுங்கள். சிக்னல் இல்லையென்றால் ஒரு நிமிடத்தில் ஆறு முறை விசில், ஒரு நிமிடம் இடைவெளி, மறுபடி ஆறு. அடர்ந்த பனியில் ஹெலிகாப்டர் பெரும்பாலும் நெருங்க முடியாது. தன்னார்வலர்கள் நடந்துதான் வருவார்கள், அதற்கு மணிக்கணக்காகலாம்.

பந்தயத்திலிருந்து பாதியில் விலகினால் தகவல் சொல்லாமல் வீட்டுக்குப் போகாதீர்கள். 2012 ஏப்ரலில் பட்டர்மியர் செயில்பெக் பந்தயத்தில் ஓர் ஓட்டக்காரர் குளிரில் இறந்தார். அதன் விசாரணைக்குப் பிறகு ஓட்டக்காரர்களை எண்ணிச் சரிபார்க்கும் முறை மிகவும் கறாராகிவிட்டது. தொடங்கியவர் எத்தனை, திரும்பியவர் எத்தனை என்று கணக்கு ஒன்றாகும்வரை யாரும் கூடாரத்தைப் பிரிக்க மாட்டோம். ஒருவர் பேருந்து ஏறி ஊர் போய்ச் சேர்ந்திருக்க, அவரைத் தேடி ஒரு குழு பனிக்குள் போவது எவ்வளவு அநியாயம்! உங்கள் பந்தய எண்ணை, வழியில் நிற்கும் பந்தய உதவியாளரான மார்ஷலிடமோ முடிவிடத்திலோ நேரில் சொல்லிவிட்டுப் போங்கள்.

பயிற்சிக்கு நான் சொல்வது ஆம்பிள்சைடு ஊருக்கு மேலே இருக்கும் லக்ரிக் ஃபெல் என்ற சிறு மலை. 335 மீட்டர்தான், ஆனால் மேட்டுக்கு மேடு பாதைகள் பின்னிக் கிடப்பதால் பனியில் உள்ளூர்க்காரர்களையே குழப்பும். மேகம் தாழ்ந்த ஒரு நாளில், அனுபவமுள்ள ஒருவரோடு, முழு உடையும் எடுத்துக்கொண்டு போங்கள். அவரைப் பின்னால் வரச்சொல்லிவிட்டு நீங்கள் முன்னால் ஓடுங்கள். சுற்றிலும் ஏரியும் சாலையும் இருப்பதால் பிசகினாலும் ஏதாவது ஒரு பக்கத்தில் தார்ச்சாலைக்கு வந்துவிடலாம்.