அருவ மரபும் எண்ணிமப் பேணலும்

கூத்து, ஒப்பாரி, கைவைத்தியம் போல, கல்லிலும் செம்பிலும் நில்லாமல் ஆள்வழி ஆளாக வருவனவற்றைத் ‘தொட்டுணர முடியாத பண்பாட்டு மரபு’ என்று நாளிதழ்கள் எழுதுகின்றன. தொடுதலைக் குறிக்கும் இலத்தீன் வேரில் பிறந்த ஆங்கிலச் சொல்லின் நேர்பெயர்ப்பு அது. இக்கருத்துக்கு முன்னதாகவே சட்ட வடிவம் தந்த ஜப்பானோ, 1950ஆம் ஆண்டுச் சட்டத்தில் ‘முகெய்’ என்ற சொல்லை ஆண்டது. ‘மு’ என்றால் இன்மை, ‘கெய்’ என்றால் வடிவம். வடிவின்மைக்கு நம்மிடம் ‘அருவம்’ இருக்கிறது. அது வடமொழி அரூபத்தின் திரிபு என்பார் உளர். ஆயினும் சைவ நூல்களில் நெடுங்காலம் புழங்கித் தமிழாகிவிட்டதால் ‘அருவ மரபு’ எனத் தயங்காமல் எழுதலாம். இம்மரபு குறித்த யுனெஸ்கோவின் 2003ஆம் ஆண்டு உடன்படிக்கை, கலையோடு சேர்ந்த கருவியையும் இடத்தையும் கணக்கில் கொள்வதைப் பார்த்தால், இலிங்கத்தைச் சொல்வதுபோல், வடிவும் வடிவின்மையும் சேர்ந்த ‘அருவுருவம்’ என்றே சொல்லிவிடலாமா என்றும் எனக்கு ஓர் ஆசை.

இம்மரபை இன்று பதிந்துவைக்கும் முறையைச் சொல்லும் ‘டிஜிட்டல்’ என்பதன் வேர்ச்சொல்லுக்கு விரல் என்று பொருள். விரல்விட்டு எண்ணியதால் எண்ணுக்கு ஆகிவந்தது. இதை ‘மின்னணு’ என்பது பிழை. பழைய ஒலிநாடாக் கருவியும் மின்னணுக் கருவிதான். ‘எண்மம்’ சுருக்கமானது, ஆனால் எட்டை அடியாகக் கொண்ட எண்முறைக்கும் அச்சொல் வழங்குகிறது. ஆகவே ‘எண்ணிமம்’ நன்று. குறுந்தகட்டுத் தரத்தில் குரல் நொடிக்கு 44,100 முறை அளக்கப்பட்டு எண்களாகிறது. நாடாவைப் படியெடுக்கப் படியெடுக்க இரைச்சல் ஏறும். எண்களைப் பிழையின்றிப் படியெடுத்தால் மூலத்துக்கும் படிக்கும் வேறுபாடில்லை.

ஆனால் எண்ணாவது குரல் மட்டுமே. சாவு விழாத வீட்டில் ஒப்பாரி வைக்கலாகாது என்று மறுக்கும் மூதாட்டியைக் களத்துமேட்டுக்கு அழைத்துப்போய்ப் பாடவைத்தால், கோப்பில் ராகம் இருக்கும். மாரடிக்கும் ஓசையும், தோளைக் கட்டிக்கொண்டு உடன் அழும் பெண்களும், மூக்கைச் சிந்த விடும் இடைவெளியும் இரா. உடன்படிக்கையிலும் ஆவணப்படுத்தல் என்பது பல பணிகளுள் ஒன்றுதான். அடுத்த தலைமுறைக்குக் கையளிப்பதும் அதே வரிசையில் வருகிறது. அவை அனைத்தையும் அடக்கும் சொல்லாகப் பூட்டி வைப்பதைச் சுட்டும் ‘பாதுகாப்பு’ போதாது, வளர்த்தலையும் உணர்த்தும் ‘பேணல்’ வேண்டும். தாய்க்குப் பாடியதா கணவனுக்குப் பாடியதா என்ற குறிப்புக்கூட இல்லாத கோப்பு எண்ணிமப் பதிவு. அதை எண்ணிமப் பேணல் என்று எழுதக்கூடாது.