உடைவதற்கென்றே ஓர் ஆணி: ஸ்னோ புளோவர் எப்படி வேலை செய்கிறது?

ஸ்காபரோவில் இருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். 2025 பெப்ரவரியில் ரொறன்ரோவில் ஒரு வாரத்துக்குள் அரை மீற்றர் அளவுக்கு ஸ்னோ கொட்டித் தீர்த்ததே, அதோடு சவல் பிடித்தது போதும் என்று, ஸ்னோவை அள்ளி வீசும் இயந்திரமான ஸ்னோ புளோவர் ஒன்றை வாங்கிவிட்டார்களாம். தள்ளிக்கொண்டு பின்னால் நடக்கும் வகை. இந்தப் பருவத்தில் அதன் ஷியர் பின் என்ற சின்ன ஆணி இரண்டாவது முறையாக உடைந்திருக்கிறது. "இவ்வளவு காசு கொடுத்து வாங்கிய சாமானில் இப்படி ஒரு தரமில்லாத ஆணியா? தம்பி நல்ல உருக்குப் போல்ற் ஒன்று வாங்கிப் போட்டுத் தருகிறேன் என்கிறான். போடலாமா?"

போடவே கூடாது. அந்த ஆணி தரமில்லாமல் உடையவில்லை. உடைவதுதான் அதன் வேலை. இரண்டு தடவையும் தன் வேலையை ஒழுங்காகச் செய்திருக்கிறது. அது எப்படி என்று சொல்ல, முதலில் இயந்திரத்தின் வயிற்றைத் திறந்து பார்க்க வேண்டும்.

முன்பக்கப் பெட்டிக்குள் குறுக்கே கிடப்பது ஓகர். இடமும் வலமுமாக இரண்டு திருகுத் தகடுகள். இரண்டும் ஸ்னோவை நடுவுக்கு இழுத்துக்கொண்டு வரும். நடுவில், பின்னால் ஒளிந்திருப்பது இம்பெல்லர் என்ற வீசுசக்கரம். ஏறத்தாழ 30 செ.மீ. விட்டம், மூன்று நான்கு இதழ்கள். ஓகர் கொண்டுவந்து தருவதை இது அள்ளி மேலே குழாய் வழியாக வீசிவிடும். இழுப்பது ஒன்று, வீசுவது இன்னொன்று என்பதால் இதை இரண்டு கட்ட இயந்திரம் என்கிறார்கள். இறப்பர்த் துடுப்புகளோடு ஒரே அச்சு இரண்டு வேலையையும் பார்க்கும் சின்ன இயந்திரங்களும் உண்டு. அவை கொஞ்ச ஸ்னோவுக்குப் போதும், வீதிக்கரைக் குவியலுக்குப் போதாது.

எஞ்சின் நிமிடத்துக்கு 3,600 சுற்று சுழலும். பெல்ற்றும் கப்பியும் அதை இம்பெல்லருக்கு 1,100 அளவுக்குக் குறைத்துக் கொடுக்கின்றன. அந்த வேகத்தில் இதழின் நுனி விநாடிக்கு 17 மீற்றர் போகும், அதாவது மணிக்கு 60 கிலோமீற்றருக்கு மேல். காற்றே இல்லாத உலகில் அந்த வேகத்தில் 45 பாகை சாய்த்து வீசினால் 30 மீற்றர் தள்ளிப் போய் விழும். நம் உலகில் காற்றுத் தடை பாதிக்கு மேல் தின்றுவிடும்; 10, 15 மீற்றர் போனாலே நல்ல இயந்திரம். தூரம் வேகத்தின் இருமடிக்கு ஏற்றபடி கூடும் என்பது பள்ளிக்கூடக் கணக்கு. ஆகவே எஞ்சினைப் பாதி வேகத்தில் விட்டால் வீச்சு காலாகக் குறையும், குழாயும் அடைத்துக்கொள்ளும். எஞ்சின் முழு வேகம், நடை மெது. கையேடுகள் எல்லாம் இதைச் சொல்கின்றன, காரணம்தான் சொல்வதில்லை.

(சுழலும் சக்கரத்தால் ஸ்னோவை வாரலாம் என்று முதலில் நினைத்தவர்களில் ஒருவர் ரொறன்ரோவில் பல் பிடுங்கிக்கொண்டிருந்தவர். ஜே. டபிள்யூ. எலியட் என்ற அந்தப் பல் வைத்தியர் 1869இல் ரயில் பாதைக்காக ஒரு சுழல்கலப்பைக்குக் காப்புரிமை எடுத்தார். ஒன்ராறியோவின் ஒரேஞ்வில் ஊரைச் சேர்ந்த ஒரேஞ் ஜல் பின்னர் அதை மேம்படுத்தினார். வீதிக்கு அதைக் கொண்டுவந்தவர் கியூபெக்கின் ஆர்தர் சிக்கார். 1925இல் செய்து, 1927இல் மொன்றியலை ஒட்டிய ஊற்றமோன் நகரசபைக்கு விற்றார். பல் வைத்தியருக்கு ரயிலில் என்ன வேலை என்று யாரும் அவரைத் தடுக்காதது நம் அதிர்ஷ்டம்.)

இனி ஆணிக்கு வருவோம். இம்பெல்லர் நிமிடத்துக்கு 1,100 சுற்று. ஓகரோ 110 அளவில்தான் சுழல வேண்டும், இல்லாவிட்டால் ஸ்னோவை இழுக்காமல் தெறிக்கவிடும். இந்தப் பத்தில் ஒரு பங்கு குறைப்பை ஓகர் தண்டின் நடுவில் இருக்கும் சின்னக் கியர் பெட்டி செய்கிறது. உள்ளே ஒரு திருகாணி வடிவப் பல், அதோடு கடித்துக்கொண்டு ஒரு பல்சக்கரம். வேகம் குறைந்தால் முறுக்கு விசை கூடும். சராசரியான 250 சிசி எஞ்சின் 15 நியூற்றன் மீற்றர் முறுக்கு தரும் என்று வையுங்கள். கப்பிகளைத் தாண்டியதும் அது 50 ஆகிறது. கியர் பெட்டியைத் தாண்டியதும் 500. உராய்வில் போவதைக் கழித்தால் 350. ஓகரின் ஆரை 20 செ.மீ. ஆக, அதன் விளிம்பில் 175 கிலோ எடைக்குச் சமமான தள்ளல் இருக்கிறது. ஒரு கையால் நிறுத்தக்கூடிய சின்ன எஞ்சின்தானே என்று பார்ப்பவர்கள் இந்த எண்ணைக் கவனிக்க வேண்டும்.

இப்போது ஸ்னோவுக்குள் புதைந்து கிடந்த ஒரு செங்கல் துண்டு ஓகரில் மாட்டுகிறது. ஓகர் அந்தக் கணமே நிற்கிறது. ஆனால் அதன் பின்னால் சுழன்றுகொண்டிருக்கும் இம்பெல்லருக்குக் கனம் இருக்கிறது, வேகம் இருக்கிறது; அது சட்டென்று நிற்காது. அதன் உந்தம் முழுவதும் இறங்க ஒரே இடம்தான்: கியர் பெட்டிக்குள் ஒன்றையொன்று கடித்துக்கொண்டிருக்கும் அந்த ஒன்றிரண்டு பற்கள். நிற்க எடுக்கும் நேரம் எவ்வளவு குறைவோ விசை அவ்வளவு கூடும். எஞ்சின் வழமையாகத் தரும் முறுக்கைப்போலப் பல மடங்கு ஒரு நொடிப்பொழுதில் அங்கே வந்து குவியும். பல்சக்கரம் பெரும்பாலும் வெண்கலம், எஃகைவிட மென்மை. பல் போகும், அல்லது பெட்டியே வெடிக்கும்.

இதைத் தடுக்கத்தான் ஓகர் தகடுகளைத் தண்டோடு நேரடியாக ஒட்டவில்லை. தண்டின் மேல் ஒரு குழாயாக ஓகர் சும்மா மாட்டியிருக்கிறது. இரண்டையும் குறுக்கே துளைத்துக் கட்டிவைத்திருப்பது ஒரே ஒரு ஆணி, பக்கத்துக்கு ஒன்று. 6 மில்லிமீற்றர் தடிப்பு. பல மாதிரிகளில் உடைய வேண்டிய இடத்தில் ஒரு மெல்லிய காடி வெட்டியிருக்கும். சாதாரண இரும்பில் செய்த அப்படி ஓர் ஆணி, ஓர் அங்குலத் தண்டில், இரண்டு முனையும் வெட்டுப்பட்டு உடைய ஏறத்தாழ 200 நியூற்றன் மீற்றர் போதும் என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன். காடி இருந்தால் அதற்கும் குறைவு. எஞ்சின் தரக்கூடிய 350ஐவிடக் கீழே, அன்றாட ஸ்னோ கேட்பதைவிட மேலே. அந்த இடைவெளியில்தான் ஆணியை நிறுத்தியிருக்கிறார்கள். "டக்" என்று ஒரு சத்தம். ஒரு பக்க ஓகர் தண்டின் மேல் சும்மா நிற்க, மற்றப் பக்கம் சுழன்றுகொண்டே இருக்கும். சில டொலர் ஆணி செத்து, சில நூறு டொலர் கியர் பெட்டி பிழைத்துவிட்டது.

தம்பி போடப் பார்த்த உருக்குப் போல்ற்றின் தலையில், பலத்தைக் காட்டும் ஆறு கோடு இருந்திருக்கும். அதன் பலம் இதைப்போல இரண்டு மடங்கு. உடைய 400க்கு மேல் வேண்டும். எஞ்சின் திணறி நின்றாலும் அது உடையாது. ஊரில் பியூஸ் அடிக்கடி போகிறதென்று தடித்த செம்புக் கம்பியைச் சுற்றிவிட்டு, பிறகு வயரிங் முழுவதும் எரிந்ததென்று அழுதவர்களைப் பார்த்திருப்பீர்கள். அதே கதைதான். இயந்திரத்தின் கையேட்டில் எந்த எண் ஆணி என்று போட்டிருக்கிறதோ அதை மட்டும், ஐந்தாறு சேர்த்தே வாங்கி வையுங்கள்.

இதில் எனக்கு மிகவும் பிடித்த, யாரும் பேசாத ஒரு விடயம் உண்டு. ஆணி உடைந்தால் மட்டும் போதாது, ஓகர் தண்டின் மேல் வழுக்க வேண்டும். உப்புத் தண்ணீர் புகுந்து குழாயும் தண்டும் துருவால் ஒட்டிக்கொண்டால் ஆணி ஒரு அலங்காரம்தான். விசை துரு வழியாகவே போய்விடும், ஆணி முழுசாக இருக்கும், பெட்டி உடைந்திருக்கும்.

இனிச் சொல்லப்போவது ஆணியைவிட முக்கியம். இம்பெல்லருக்குப் பெரும்பாலும் இப்படி ஒரு பின் கிடையாது. ஓகருக்கு இருப்பதும் உங்கள் விரலுக்காக இல்லை. அது உடைய, ஓகர் விளிம்பில் 100 கிலோ அளவு எதிர்ப்பு வேண்டும். விரல் எலும்பு அதற்கு எவ்வளவோ முன்பே போய்விடும். ஈரஸ்னோ குழாயில் அடைத்துக்கொள்கிறது. ஒருவர் எஞ்சினை நிறுத்துகிறார். கையுறையோடு கையை விட்டு நோண்டுகிறார். எஞ்சின்தான் நின்றுவிட்டதே என்ற நம்பிக்கை. ஆனால் அடைப்பு இறுகி எஞ்சின் திணறிய நேரத்தில் பெல்ற் விறைத்து இழுபட்டிருக்கிறது. அந்த இழுவிசை அங்கேயே காத்திருக்கிறது. ஸ்னோக் கட்டி விலகியதும் இம்பெல்லர் ஒரு துள்ளல் துள்ளும். எட்டில் ஒரு பங்கு சுற்றே திரும்பினாலும் இதழ் நுனி 12 செ.மீ. நகரும். அமெரிக்காவில் மட்டும் ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கானோர் ஸ்னோ புளோவர் காயங்களோடு அவசரப் பிரிவுக்கு வருகிறார்கள். கை அறுவைச் சிகிச்சை வைத்தியர்கள் திரும்பத் திரும்பச் சொல்லும் கதை இதுதான்: கனமான ஈரஸ்னோ, அடைத்த குழாய், நிறுத்திய எஞ்சின், பழக்கமான கை.

ஆகவே: இயந்திரம் ஓட அழுத்திப் பிடித்திருக்கும் பிடிகளை விடுங்கள், எஞ்சினை நிறுத்துங்கள், சாவியை எடுங்கள், எல்லாம் நிற்கும்வரை பொறுங்கள், பிறகும் கை வேண்டாம். இயந்திரத்தின் தோளில் செருகி வரும் பிளாஸ்டிக் குச்சி அதற்குத்தான். அதைத் தொலைத்தவர்கள் தும்புத்தடிக் காம்பை எடுக்கலாம். ஓகர் பிடியை விட்டால் 5 விநாடிக்குள் எல்லாம் நிற்க வேண்டும். பருவத்தின் முதல் நாளே சோதியுங்கள். கை வலிக்கிறதென்று பிடியை நாடாவால் கட்டி வைப்பவர்களை என்ன சொல்வது?

புல்வெட்டும் இயந்திரத்தின் பிடியை விட்டால் 3 விநாடிக்குள் தகடு நிற்க வேண்டும் என்பது அமெரிக்காவில் 1982 முதல் சட்டம். ஸ்னோ புளோவருக்கு இருப்பதோ உற்பத்தியாளர்கள் தாமாக ஏற்றுக்கொண்ட தர விதி. விபத்துக்கு வந்தவர்களிடம் எந்தக் கை, என்ன ஸ்னோ, எஞ்சின் ஓடியதா என்று கேட்டு எழுதிவைக்கும் சலிப்பான வேலைக்குப் பணம் ஒதுக்க அரசுகளுக்கு எளிதில் ஆசை வராது. விண்கலம்போல அதில் படம் எடுக்க ஒன்றுமில்லை. நிதியமைச்சர்களிடம் எனக்கு ஒரு வார்த்தை சொல்ல இடம் கிடைத்தால் இதைத்தான் சொல்வேன். புது இயந்திரத்துக்குச் சந்தனப் பொட்டு வைத்து, சில்லுக்கு அடியில் தேசிக்காய் நசுக்குகிறவர்களோடு எனக்குச் சண்டையில்லை. தேசிக்காய்க்காரர் குச்சியையும் பாவித்தால் சரி.

புது இயந்திரத்தைப் பொருத்தி ஆயத்தமாக்கும் வேலையை விரைவாகச் சொல்கிறேன். பல இயந்திரங்கள் ஒயில் இல்லாமலே பெட்டியில் வரும். ஊற்றாமல் இழுத்தால் எஞ்சின் போச்சு. ரயரில் காற்று இரண்டு பக்கமும் சமமாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் வண்டி ஒரு பக்கம் இழுக்கும். அடியில் இருபுறமும் உள்ள சறுக்குத் தட்டுகளைச் சரிப்படுத்துவதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். தார் போட்ட ட்ரைவ்வே என்றால் பெட்டியின் கீழ் விளிம்பில் உள்ள சுரண்டு தகட்டுக்கு அடியில் 3 மில்லிமீற்றர் தடிப்பில் மட்டைத் துண்டை வைத்து, தட்டுகளைத் தரையில் படவிட்டு இறுக்குங்கள். சரளைக்கல் தரை என்றால் 3 செ.மீ. உயரம் வேண்டும், இல்லாவிட்டால் மணிக்கு 60 கிலோமீற்றரில் கல் பறக்கும். அதே காரணத்துக்காகக் குழாய் வாய் ஒருபோதும் ஆளையோ ஜன்னலையோ பார்க்கக் கூடாது. வீதியையும் பார்க்கக் கூடாது. வீதியில் ஸ்னோவைத் தள்ளுவது ரொறன்ரோவில் சட்ட விரோதம். முதல் ஸ்னோவுக்கு முன்பே கால்மிதி, விளக்கு வயர், நாய்ச் சங்கிலி எல்லாவற்றையும் பொறுக்கிவிடுங்கள். கராஜுக்குள் ஓடவிட வேண்டாம், கதவு திறந்திருந்தாலும். எஞ்சின் புகையில் வரும் நச்சு வாயுவான காபனோரொட்சைட்டுக்கு மணமில்லை. எஞ்சின் சூடாக இருக்கும்போது பெற்றோல் ஊற்ற வேண்டாம்.

வாசகியின் ஆணிகள் இரண்டுமே ட்ரைவ்வே வாசலில், நகரசபையின் ஸ்னோ கலப்பை வண்டி தள்ளி விட்டுப்போன வரப்பில்தான் உடைந்தனவாம். அது தற்செயல் இல்லை. புது ஸ்னோ ஒரு கன மீற்றர் 50 முதல் 100 கிலோ. கலப்பை அதை அரைத்து நெருக்கி, வீதியின் உப்புச் சேற்றையும் ஐஸ் கட்டியையும் கல்லையும் கலந்து வைத்தால் பல மடங்கு கனம். அதோடு இன்னொன்றும் நடக்கிறது. பாகை -5 என்றால் நமக்கு விறைக்கும் குளிர். ஐஸுக்கோ அது உருகுநிலையின் வாசல், தனிப்பூச்சியத்தில் இருந்து எண்ணும் கெல்வின் கணக்கில் உருகுநிலையின் 98 சதவீதம். அந்த வெப்பத்தில் ஐஸ் மூலக்கூறுகள் அசையாமல் கிடப்பதில்லை. தொட்டுக்கொண்டிருக்கும் இரண்டு பரல்களுக்கு நடுவே நீராவியாக நகர்ந்து கழுத்துப்போல ஒரு பாலம் கட்டும். உருகாமலே ஒட்டும். பரல் எவ்வளவு பொடியோ அவ்வளவு வேகமாக ஒட்டும். கலப்பை செய்வது பொடியாக்கும் வேலைதான். காலையில் சவல் இறங்கும் வரப்பு மாலையில் சீமெந்தாக இருப்பது இதனால். கலப்பை போன கையோடு எடுங்கள், அகலத்தில் பாதிப் பாதியாக, மிக மெதுவாக. இறுகிவிட்டால் முதலில் சவலால் கொத்தி உடைத்துவிட்டு இயந்திரத்தை விடுங்கள்.

ஏப்ரலில் அதைக் கராஜ் மூலையில் தள்ளும் முன் ஸ்பார்க் பிளக் வயரைக் கழற்றுங்கள். இரண்டு ஷியர் பின்களையும் எடுத்துவிட்டு, தண்டில் இருக்கும் கிறீஸ் நிப்பிள் வழியாகக் கிறீஸ் அடியுங்கள். பிறகு தடித்த கையுறையோடு ஓகரை வெளி விளிம்பில் பிடித்துச் சுற்றிப் பாருங்கள். ஓகர் சுற்றி, தண்டு நின்றால் சரி. தண்டும் சேர்ந்து சுற்றினால் துரு பிடித்துவிட்டது. துரு இளக்கும் எண்ணெயை ஊற்றி ஓர் இரவு விட்டு, மறுநாள் மரச் சுத்தியலால் தட்டி இளக்கிய பிறகே ஆணியைத் திரும்பப் போடுங்கள்.